மகளிர்க்கு வளரும் மிகைமயிர்



மயிர் என்ற சொல் காதில் விழுந்ததும் உங்களிற் சிலர் வாய்பொத்தி நகைக்கக்கூடும். தெருவில் அது வசைமொழியாக வழங்கிவருவதே அந்நகைப்புக்குக் காரணம். ஆயினும் வள்ளுவர் தயக்கமின்றித் தம் குறளில் எடுத்தாண்ட நல்ல தமிழ்ச் சொல் அது. அச்சொல்லுக்கு அஞ்சி வேறு சொல் தேடி ஓடினால், எந்தக் கூச்சத்தை நீக்கப் பேச வந்தேனோ அந்தக் கூச்சத்திற்கே நானும் இடங்கொடுத்தவளாவேன். ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். பெண்களிற் பலருக்கு மேலுதட்டிலும், மோவாயிலும், கன்னத்தோரத்திலும், மார்பிலும், முதுகிலும் ஆடவர்க்கு வளர்வது போன்ற தடித்த கருமயிர் வளர்வதுண்டு. அஃது ஏன் வளர்கிறது, எப்போது அது நோயின் அடையாளம், அதனை எவ்வாறு கட்டுக்குள் வைப்பது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

இதனை மாணவர்களிடம் பேசத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். 2024 ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேச மாநிலத்துப் பத்தாம் வகுப்புத் தேர்வில் 600க்கு 591 மதிப்பெண் பெற்று, மாநிலத்திலேயே முதலாவதாகத் தேறினார் ஒரு மாணவி. அவருடைய படம் நாடெங்கும் பரவியது. பாராட்டுக்கு நடுவே, அவர் முகத்திலிருந்த மயிரைச் சுட்டி எள்ளி நகையாடிய சொற்களும் சமூக ஊடகங்களிற் குவிந்தன. இரண்டொரு மதிப்பெண் குறைந்திருந்தால் இப்பேச்சுக்கெல்லாம் ஆளாகியிருக்க வேண்டாமே என்று அம்மாணவி பின்னர்ச் சொல்ல நேர்ந்தது. கல்வியில் முதன்மை பெற்றதற்காகவே ஒரு பிள்ளை மனம் நோகும்படி செய்தது மயிரன்று, நம்முடைய அறியாமையே. அறியாமையைப் போக்கும் இடம் பள்ளியும் கல்லூரியும் அல்லவா?

இதனைப் பேசும்போது என் மனக்கண்முன் நிற்கும் ஊர் நாரணாபுரம். சிவகாசியை அடுத்த அவ்வூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய தொழில்களே பெரும்பாலோர்க்குச் சோறு போடுவன. 1923 ஆம் ஆண்டில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற் கற்றுவந்து தொடங்கிய தீப்பெட்டித் தொழிலிலிருந்து கிளைத்தவை இவை. சரவெடி பின்னுவதும், தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குவதும், பெட்டி ஒட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. அதே வட்டாரத்து அச்சகங்களில்தான் நாட்டின் பல பாகங்களிலும் சுவரில் தொங்கும் நாட்காட்டிகள் அச்சாகின்றன. அப்படங்களில் திருமகளின் முகமும் கலைமகளின் முகமும் மெழுகினாற் செய்தவை போல மழமழவென்று விளங்கும். உயிருள்ள எந்தப் பெண்ணின் முகமும் அவ்வாறு இருப்பதில்லை. படத்து முகத்தோடு தன் முகத்தை ஒப்பிட்டுக் கண்ணாடிமுன் நின்று கலங்கும் பெண்ணுக்கு முதலிற் சொல்லவேண்டியது இதுவே: அது மையினால் ஆன முகம், உன்னுடையது தோலினால் ஆனது. தோல் என்றால் அதில் மயிர் உண்டு.

நம் முன்னோர் இதற்காக நாணவும் இல்லை. பெண்ணின் வயிற்றின்மேல் கோடுபோல் ஓடும் மெல்லிய மயிரை மயிரொழுங்கு என்றும் உரோமாவளி என்றும் பெயரிட்டுத் தமிழ்ப் புலவரும் வடமொழிப் புலவரும் அழகின் இலக்கணமாகப் பாடினர். எது அழகு என்பதைக் காலம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. உடலின் இயல்பு மட்டும் அவ்வளவு விரைவாக மாறுவதில்லை.

அவ்வியல்பைச் சற்றுப் பார்ப்போம். மனிதத் தோலில் ஏறத்தாழ 50 இலட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. உள்ளங்கை, உள்ளங்கால், உதடு போன்ற சில இடங்களே விதிவிலக்கு. இம்மயிர்க்கால்கள் அனைத்தும் நாம் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அமைந்துவிடுகின்றன. பிறந்தபின் புதியது தோன்றுவதில்லை. எண்ணிக்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வேறுபாடும் இல்லை. வேறுபாடு மயிரின் தன்மையில்தான் இருக்கிறது. நிறமின்றி, மென்மையாய், குட்டையாய் இருப்பதைப் பூனைமயிர் என்கிறோம். தடித்துக் கறுத்து நீண்டு வளர்வது முதிர்மயிர். பன்னிரண்டு வயதுப் பையனின் மேலுதட்டில் இருந்த அதே பூனைமயிர்தான் சில ஆண்டுகளில் மீசையாகிறது. மயிர்க்கால் மாறவில்லை, அதற்கு வந்த கட்டளை மாறியது.

அக்கட்டளையைக் கொண்டுவருவன நாளமில்லாச் சுரப்பிகள் குருதியில் விடும் ஹார்மோன்கள். அவற்றுள் ஆண்ட்ரோஜன் என்ற வகையை ஆண்தன்மை தரும் ஹார்மோன் என்று சொல்வது வழக்கம். அப்பெயரைக் கேட்டு அது ஆடவர்க்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிடக் கூடாது. பெண்ணின் சினைப்பைகளும், சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளும் அதனைச் சிறிதளவில் சுரக்கவே செய்கின்றன. அவற்றுள் முதன்மையானது டெஸ்டோஸ்டிரோன். தோலிலுள்ள ஒரு நொதி அதனை இன்னும் வலிய பொருளாக மாற்றுகிறது. அவ்வலிய பொருளே பூனைமயிரை முதிர்மயிராக்குகிறது. விந்தை என்னவெனில், மோவாயில் மயிரை வளர்க்கும் அதே பொருள் உச்சந்தலையில் மயிரை மெலியச் செய்கிறது. ஆடவர் பலருக்குத் தாடி அடர்ந்திருக்கத் தலை வழுக்கையாவது இதனால்தான்.

கரிசற்காட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் உவமை சொல்கிறேன். மழை மிகுந்தால் பயிர் ஓங்கும். மழை அளவாகப் பெய்தாலும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மண்ணாயிருந்தால் அப்போதும் ஓங்கும். ஹார்மோன் மழை, மயிர்க்கால் மண். சில பெண்களுக்கு ஹார்மோன் மிகுந்திருக்கிறது. வேறு சிலருக்குக் குருதியைச் சோதித்தால் எல்லாம் சரியான அளவிலேயே இருக்கும். மயிர்க்கால்கள் மட்டும் அதனைக் கூடுதலாக உணர்கின்றன. இவ்வியல்பு குடும்ப வழியாக வருவதுண்டு. தாய்க்கும் அத்தைக்கும் இருந்தது மகளுக்கும் இருக்கும். அது நோயன்று.

ஆடவர்க்கு முதிர்மயிர் வளரும் இடங்களில் பெண்ணுக்கு வளர்வதையே இங்கு மிகைமயிர் என்கிறேன். உடல் முழுவதும் ஒரே சீராக மயிர் மிகுவது இதனின் வேறானது. அது பிறவியிலோ சில மருந்துகளாலோ வருவது. மெக்சிகோ நாட்டில் பிறந்த ஜூலியா பஸ்திரானா என்ற பெண்ணுக்கு அத்தகைய அரிய பிறவிக்கோளாறு இருந்தது. ஆடவும் பாடவும் வல்ல அவரை ஊர் ஊராகக் காட்சிப்பொருளாக்கிப் பணம் பண்ணினார்கள். 1860 ஆம் ஆண்டில் மாஸ்கோவில் அவர் இறந்தபின்னும் விடவில்லை. உடலைப் பதப்படுத்தி மீண்டும் காட்சிக்கு வைத்தார்கள். 2013 ஆம் ஆண்டில்தான் அவ்வுடல் தாய்நாட்டிற்குத் திரும்பி அடக்கம் பெற்றது. மயிர் மிகுந்த ஒரு பெண்ணை மனிதப்பிறவியாக நடத்த உலகம் 150 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

இனி, எவ்வளவு இருந்தால் மிகை என்பது? 1961 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஃபெரிமன், கால்வே என்ற இரு மருத்துவர் ஓர் அளவுமுறையை வகுத்தனர். பின்னர்த் திருத்தப்பெற்று இன்று வழங்கும் வடிவில், மேலுதடு, மோவாய், மார்பு, மேல்வயிறு, கீழ்வயிறு, மேல்முதுகு, கீழ்முதுகு, மேற்கை, தொடை ஆகிய ஒன்பது இடங்களைப் பார்த்து, ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 4 வரை எண் இடுவர். மொத்தம் 36. எட்டும் அதற்கு மேலும் இருந்தால் மிகை என்பது நெடுநாள் வழக்கம். இனத்திற்கு இனம் மயிரின் இயல்பு வேறுபடுவதால் 4 முதல் 6 வரையிலான எண்ணையே எல்லையாகக் கொள்ளலாம் என்று அண்மைக் கால நெறிமுறைகள் கூறுகின்றன. மேலுதட்டில் நாலைந்து மயிர் இருப்பது இவ்வளவையில் ஏறத்தாழ ஒன்றுமில்லை என்பதைப் பெண்கள் நினைவிற் கொள்க.

ஒருமுறை தீப்பெட்டி ஆலைத் தொழிலாளியான தாய் ஒருத்தி, பள்ளி இறுதி வகுப்பிற் படிக்கும் தன் மகளை என்னிடம் அழைத்து வந்தாள். "டாக்டரம்மா, பிள்ளைக்கு மோவாயில முடி முளைக்குது. நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் கொடுக்கணுமே" என்றாள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன். "அது மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா வரும். அது கிடக்கட்டும்மா, இந்த முடிக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றாள். எதனைக் கிடக்கட்டும் என்று தள்ளினாளோ அதுவே பெரிய செய்தி. மயிர் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் ஊர் பேசுகிறது. உள்ளே நடப்பது தெரிவதில்லை. அதனால் எவரும் கேட்பதில்லை.

மிகைமயிரோடு வரும் பெண்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் காணப்படும் காரணம், சினைப்பையில் பல நீர்க்கட்டிகள் என்று பொருள்படும் பெயரால் வழங்கிவரும் கோளாறாகும். பிசிஓஎஸ் என்ற அதன் சுருக்கப் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1935 ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து ஸ்டீன், லெவெந்தால் என்ற மருத்துவர் இருவர் இதனை விளக்கி எழுதினர். பெயர் சற்று வழிதவறச் செய்வது. அங்கே இருப்பவை கட்டிகள் அல்ல, முதிராமல் நின்றுபோன சினைமுட்டைப் பைகளே. ஆதலால் கட்டி என்று கேட்டு அஞ்சவேண்டா. குழந்தை பெறும் வயதினரான பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இக்கோளாறு உண்டு என்று உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஆகவே இன்சுலின் மிகுதியாகச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனை மிகுவிக்கிறது. அதனால் மாதவிடாய் தவறுதல், முகப்பரு, மிகைமயிர், உடற்பருமன் ஆகியவை தோன்றலாம். கவனியாது விட்டால் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடுகிறது. மோவாயில் முளைத்த மயிர் ஒருவகையில் முன்னறிவிப்பு என்றே சொல்லலாம்.

இங்கே மாணவியர்க்கு ஓர் எச்சரிக்கை. பூப்படைந்த தொடக்கத்தில் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. பூப்படைந்து எட்டு ஆண்டுகள் கழியுமுன், ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து இக்கோளாறு என்று முடிவு கட்டலாகாது என்பது மருத்துவ நெறி. இளம் பருவத்துச் சினைப்பையின் தோற்றமே அப்படித்தான் இருக்கும்.

அரிதான காரணங்களும் சில உண்டு. அட்ரினல் சுரப்பியில் பிறவியிலேயே அமைந்த நொதிக் குறை ஒன்று. கார்ட்டிசோல் மிகுதல் மற்றொன்று. சினைப்பையிலோ அட்ரினலிலோ தோன்றும் கழலை மிக அரிது. அதற்கு அடையாளம் வேகம். சில திங்களுக்குள் மயிர் விரைந்து பெருகி, குரல் தடித்து, முன்தலை வழுக்கையாகி, தசை திரண்டு வந்தால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்ததற்கு இவ்வச்சம் வேண்டா.

நாமே வரவழைத்துக்கொள்ளும் காரணமும் ஒன்றுண்டு. முகம் வெளுக்க வேண்டி, ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருந்துக்கடையில் தாமே வாங்கித் திங்கட்கணக்கில் பூசுவோர் பலர். தொடக்கத்தில் முகம் பளிச்சிடும். பின்னர்த் தோல் மெலிந்து, சிவந்து, பரு எழும்பி, மயிரும் வளரத் தொடங்கும். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று நடுவணரசு 2018 ஆம் ஆண்டில் விதி செய்தது. விதியைக் காப்பது வாங்குவோர் கையிலும் இருக்கிறது.

மயிரைப் போக்கும் முயற்சி மிகப் பழையது. அதன் வரலாறு துன்பம் நிறைந்தது. அரிதாரம் என்னும் மஞ்சள்நிறப் பாடாணத்தைச் சுண்ணாம்போடு குழைத்துப் பூசுவது மேலை ஆசிய நாடுகளில் வழக்கமாயிருந்தது. ஆயுர்வேத நூல்களிலும் அரிதாரமும் சங்குச் சுண்ணமும் சேர்ந்த பூச்சு பேசப்படுகிறது. அரிதாரமும் அதன் உடன்பிறப்பான மனோசிலையும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த பொருள்கள். அவை வாணவேடிக்கையிலும் இடம்பெற்றிருந்தன என்பதைப் பட்டாசுத் தொழிலின் வரலாறு அறிந்தோர் அறிவர். பட்டாசில் ஆர்சனிக் எவ்வடிவிலும் சேரலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆம் ஆண்டில் ஆணையிட்டது. எட்ட நின்று கொளுத்தும் வெடிக்கே ஆகாதென்று விலக்கப்பட்ட நஞ்சை ஒரு காலத்துப் பெண்கள் தம் உடலிற் பூசிக்கொண்டார்கள்!

அறிவியல் வளர்ந்த காலத்தும் இக்கொடுமை நிற்கவில்லை. 1920களில் அமெரிக்காவில் டிரைக்கோ என்ற பெயரில் எக்ஸ் கதிர்ப் பெட்டிகளை அழகு நிலையங்களில் நிறுவி, வலியின்றி மயிர் போகும் என்று விளம்பரம் செய்தனர். மயிர் போயிற்று. ஆண்டுகள் கழித்துத் தோலில் புண்ணும் புற்றும் வந்தன. 1930களின் தொடக்கத்தில் கோரெம்லு என்ற களிம்பு விற்பனையாயிற்று. அதிலிருந்தது தாலியம், அதாவது எலி நஞ்சு. பூசிய பெண்களுக்கு நரம்புகள் கெட்டு, நடையும் பார்வையும் குலைந்தன. இப்படிப்பட்ட கேடுகளே 1938 ஆம் ஆண்டில் அந்நாட்டில் அழகுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறக்கத் தூண்டின. வெட்கத்தினால் ஒளித்துச் செய்யும் காரியத்தில் ஏமாற்றுவோர் நுழைவது எளிது என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

இன்றைய முறைகளைப் பார்ப்போம். மழிப்பது எளியது, செலவு குறைந்தது. மழித்தால் மயிர் தடித்து வளரும் என்ற அச்சம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க அம்மையார் 1928 ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்து, மழிப்பதனால் மயிரின் தடிப்போ வளரும் வேகமோ கூடுவதில்லை என்று காட்டினார். பின் ஏன் தடித்ததுபோல் தெரிகிறது? சீவிய பென்சிலின் முனை கூர்மையானது. அதனை நடுவில் ஒடித்தால் முனை தட்டையாய்த் தடித்துத் தோன்றும். பென்சில் பருத்துவிடவில்லையே! மயிரும் அவ்வாறே.

நூல்கொண்டு பிடுங்குவதும் மெழுகிட்டு உரிப்பதும் சில வாரம் தாங்கும். ஆனால் வலியும், மயிர்க்காலில் சீழ்ப்பருவும், நம்போன்ற கருந்தோலில் கரும்புள்ளியும் வரலாம். களிம்புகள் மயிரின் புரதத்தைப் பிணைத்துள்ள கந்தகக் கண்ணிகளை அறுத்து அதனைக் குழைத்துவிடுகின்றன. முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒருநாள் பார்த்தபின்னரே முகத்திற்குக் கொண்டுபோக வேண்டும். மஞ்சளும் பயற்றமாவும் தோலுக்கு இதமானவை. வேரூன்றிய முதிர்மயிரை நீக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை.

நிலையாக நீக்கும் முறை மின்னூசி முறை. 1875 ஆம் ஆண்டில் சார்லஸ் மிஷல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், கண்ணை உறுத்தும் இமைமயிரைப் போக்க இதனைக் கையாண்டார். ஒவ்வொரு மயிர்க்காலிலும் நுண்ணிய ஊசியைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சி வேரை அழிப்பது இது. ஒவ்வொன்றாகச் செய்யவேண்டியிருப்பதால் பொறுமை மிக வேண்டும். லேசர் முறை 1990களின் நடுவில் பயனுக்கு வந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெயிலைக் குவித்தால் கருந்தாள் உடனே பற்றும், வெண்தாள் எளிதிற் பற்றாது. அதுபோலவே லேசர் ஒளியை மயிரின் கருநிறம் உண்டு, அவ்வெப்பத்தால் வேர் கெடுகிறது. நரைமயிருக்கு இது பயன்படாததும் இதனாலேயே. தோலும் கறுப்பாயிருந்தால் தோலே சுடப்படலாம். ஆகவே நம்மவர் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட லேசர் மிகப் பாதுகாப்பானது எனக் கருதப்படுகிறது. சில வார இடைவெளியில் ஆறு முறையேனும் செய்யவேண்டும். பயிற்சி பெற்ற தோல் மருத்துவரிடமே செய்துகொள்க. மயிரை இது வெகுவாகக் குறைக்கும். முற்றும் ஒழிக்கும் என்பார் கூற்றை நம்பவேண்டா.

மழை மிகுதியால் களை வளர்ந்தால் களை பறித்தால் மட்டும் போதாதன்றோ? ஹார்மோன் மிகுந்தோர்க்கு உள்மருந்து வேண்டும். ஈஸ்ட்ரோஜனும் புரோஜஸ்டிரோனை ஒத்த மருந்தும் கலந்த கருத்தடை மாத்திரையை மருத்துவர் முதலிற் கொடுப்பதுண்டு. மணமாகாத பெண்ணுக்கு இம்மாத்திரையா என்று தாய்மார் பதறுவர். இங்கு அது மாதவிடாயை ஒழுங்காக்கி ஆண்ட்ரோஜனை அடக்கும் மருந்தாகவே தரப்படுகிறது. அதனாற் பயன் குறைந்தால் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற எதிர்மருந்தைச் சேர்ப்பர். அம்மருந்தை உண்ணுங்கால் கருவுற்றால் ஆண்கருவின் வளர்ச்சி கெடும். ஆகவே மருத்துவர் கண்காணிப்பின்றித் தொடலாகாது. எம்மருந்தாயினும் ஆறு திங்களுக்குமுன் பயன் தெரியாது. ஏற்கெனவே முளைத்துவிட்ட மயிர் தன் பருவம் முடிந்து உதிர்ந்தபின்னரே மெல்லியது தோன்றும். இரண்டே வாரத்தில் போகும் என்று சொல்பவர் மயிரின் இயல்பையே அறியாதவர். உடல் பருத்தவர்க்கு எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைந்தாலே மாதவிடாயும் இன்சுலினும் சீர்ப்படுவதுண்டு. நாள்முழுதும் அமர்ந்து வேலை செய்யும் பெண்களுக்கு நடைப்பயிற்சியும் மருந்தே.

செலவுக்கு அஞ்சி வாளாவிருக்கவும் வேண்டா. 2022 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது; மதுரையில் இராசாசி மருத்துவமனை நெடுங்காலமாக இருக்கிறது. மகளிர் மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ சென்று, மாதவிடாயின் நிலையையும், மயிர் எப்போது தொடங்கியது என்பதையும், உண்ணும் மருந்துகளையும் ஒளியாமற் சொல்லுங்கள். உடலோடு மனமும் வாடுவது இக்கோளாற்றின் ஒரு பகுதி. தூக்கமின்மை, சோர்வு, வெளியிற் செல்ல அச்சம் இருந்தால் அதனையும் சொல்லுங்கள். நோயில்லை என்று தெளிந்தபின், மயிரை நீக்குவதும் நீக்காமல் விடுவதும் அவரவர் விருப்பம். ஒன்றும் செய்யாதிருப்பதும் ஒரு நல்ல முடிவே.

இறுதியாக மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் மேலுதட்டில் அரும்பும் மீசையை நீங்கள் பெருமையோடு தடவிப் பார்க்கிறீர்கள். அதனை வளர்க்கும் ஹார்மோன் உங்கள் அக்காள் தங்கையரின் உடலிலும் ஓடுகிறது. அளவில் உள்ள சிறு வேறுபாடு ஒருவர்க்குப் பெருமையாகவும் மற்றவர்க்கு இழிவாகவும் ஆகக் காரணம் இயற்கை அன்று. உடன் படிக்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்து ஒருவன் நகைத்தால், அவனோடு சேர்ந்து நகையாதிருங்கள். இத்தனை மருந்துகளும் கருவிகளும் செய்ய இயலாத ஒரு நன்மையை அந்த ஒரு செயல் செய்துவிடும்.